எம்மார்ட்டி

போன சனிக்கிழமை இரவு சித்தப்பா மகன் சாப்பிட வந்திருந்தான். மன்னார்குடிப் பக்கம் ஊர். சிங்கப்பூர் வந்து மூன்று வருடமாகிறது, ஜூரோங் தீவில் வேலை. சோற்றில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவன், திடீரென்று சிரித்துவிட்டான்.

"அண்ணே, நீங்க வீட்டுல தமிழ்தானே பேசுறீங்க?"

இதென்ன கேள்வி என்று அவனைப் பார்த்தேன். அப்புறம்தான், அதுவரை என்ன பேசினோம் என்று யோசித்தேன். பிஎஸ்எல்இ முடியும்வரை கைப்பேசி கிடையாது என்று மனைவி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓஆர்டிக்கு இன்னும் 43 நாள் என்று மகன் கணக்குச் சொன்னான். பிஐஈயில் நெரிசல், ஏஒய்ஈயில் வந்திருக்கலாம் என்று நான் புலம்பினேன். அம்மா தன் பங்குக்கு, "கீழ்வீட்டுப் பையன் பிடிஓ போட்டுட்டானாம், கல்யாணத் தேதிதான் இன்னும் வைக்கலையாம்" என்றார். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, தேசிய சேவை முடியும் நாள், இரண்டு விரைவுச்சாலைகள், அரசாங்கப் புது வீட்டுக்கு விண்ணப்பம், அவ்வளவுதான் விஷயம். பாவம், எங்களுடைய இரவுச் சாப்பாட்டில் பாதி அவனுக்குப் புரியவில்லை.

அவனைச் சமாதானப்படுத்த, "உன் வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டேன். "பிசிஎம் பெர்மிட்தான் அண்ணே. வேற கம்பெனிக்குப் போட்டிருக்கேன், ஐபிஏ இன்னும் வரலை" என்றான்.

இப்போது விழித்தது நான். நாற்பத்தெட்டு வருடமாக இந்தத் தீவில் இருக்கிறேன். பிசிஎம் என்றால் என்னவென்று தெரியவில்லை. கேட்டால் அவனுக்கும் மூன்று எழுத்தின் விரிவு தெரியாது. ஆனால் அது எண்ணெய் ஆலை, ரசாயன ஆலைப் பக்க வேலை என்பதும், கட்டுமான பெர்மிட் வேறு, இது வேறு என்பதும் அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். ஐபிஏ வந்தால்தான் அடுத்த காரியம் நடக்கும் என்றும் தெரியும். மனிதவள அமைச்சு கொள்கையளவில் தருகிற ஒப்புதல் அது. மகன் கைப்பேசியில் தேடி விரிவைப் படித்துக் காட்டினான். "ஓ, அதுக்கு இவ்வளவு நீளமா?" என்று கேட்டுவிட்டு இவன் இன்னொரு மீன் துண்டை எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து இதே யோசனை. சுருக்கப்பெயர் என்பது ஒரு நீளமான தொடரின் குட்டி வடிவம் என்றுதான் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். பிறக்கும்போது அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் நாலு பேர் வாயில் புழங்க ஆரம்பித்ததும் அது தனிப்பெயர் ஆகிவிடுகிறது. விரிவு அதன் பிறப்புச் சான்றிதழ் மாதிரி எங்கோ ஒரு பெட்டிக்குள் கிடக்கும். ரேடார் என்று எல்லாரும் சொல்கிறோம், லேசர் என்கிறோம். இரண்டுமே முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த சொற்கள். விரித்துச் சொல்லச் சொன்னால் எத்தனை பேர் தேறுவோம்? அன்று மேசையில் யாருமே தேறவில்லை, அறிவியல் படித்த என் மகன் உட்பட.

சில எழுத்துக்கூட்டங்களைச் சொல்லாகவே வாசிக்கிறோம், சிலவற்றை எழுத்து எழுத்தாக உச்சரிக்கிறோம். இதற்கு விதி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் நமக்குச் 'சிண்டா'. தேக்காவில் தீபாவளிக்கு விளக்குப் போடுகிறவர்கள் 'லிஷா'. ஆனால் பிஐஈயை ஒருவரும் 'பை' என்று சொல்வதில்லை, சொல்ல எவ்வளவோ வசதியாக இருந்தும். இணைய முகவரியின் முன்னால் வரும் மூன்று டபிள்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப்பெயரைவிட அதன் சுருக்கத்தைச் சொல்லத்தான் அதிக மூச்சு பிடிக்கிறது. யார் செய்த சிக்கனமோ!

ஆங்கிலத்தில் இவற்றுக்குள்ள 'அக்ரனிம்' என்ற பெயர், 'நுனி' என்றும் 'பெயர்' என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து போன நூற்றாண்டில் செய்தது. நுனிப்பெயர். தமிழில் நுனிப்புல் மேய்வது நல்ல பெயர் வாங்காத காரியம் என்பதால் அந்த மொழிபெயர்ப்பை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தனிப்பெயர் என்று சொன்னேன் அல்லவா, ஆட்களுக்குப் போலவே இதிலும் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். அம்மா சிறு வயதில் தியோங் பாருவில் எஸ்ஐடி வீட்டில் இருந்தவர். எஸ்ஐடி என்பது 1927இல் அமைந்து, வீடு கட்டித் தந்த சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான எச்டிபி வந்ததும் அந்தப் பெயர் போய்விட்டது, கட்டிய வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. பக்கத்து வீட்டுப் பெண், "பாட்டி, எனக்கு எஸ்ஐடில இடம் கிடைச்சிருக்கு" என்று ஓடிவந்து சொன்னபோது, "எத்தனாவது மாடி?" என்று கேட்டார் அம்மா. அவள் சொன்னது சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம், பல்கலைக்கழகம்.

இன்னொன்று 2025 பொதுத்தேர்தல் சமயம். இதே சித்தப்பா மகன் தம்பிதான் பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டான். காப்பிக்கடையில் பக்கத்து மேசைக்காரர்கள் இந்தத் தடவை டபிள்யூபி எவ்வளவு வாங்கும், டபிள்யூபி போய்விடுமா என்று அரைமணி நேரமாக விவாதிக்கிறார்களாம். "வொர்க் பெர்மிட்டை எடுத்துடப் போறாங்களாண்ணே?" அவர்கள் பேசிக்கொண்டிருந்தது பாட்டாளிக் கட்சியைப் பற்றி. நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அந்த இரண்டு எழுத்தில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிகிறது.

என் மனதுக்கு நெருக்கமான எழுத்துகள் கேகே. சிங்கப்பூரில் பாதிப் பேர் "நான் கேகேயில பிறந்தேன்" என்று சொல்வார்கள். 1966இல் மட்டும் கிட்டத்தட்ட நாற்பதாயிரம் குழந்தைகள் பிறந்த மருத்துவமனை அது. அந்த இரண்டு எழுத்து கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயர். எருமைக் கொட்டகை என்று அர்த்தம். சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டு வியாபாரம் நடந்த காலத்தில் வந்த இடப்பெயர். தேக்காவில் எருமைச் சாலை இன்றும் இருக்கிறது, காய்கறி வாங்கப் போகிறவர்கள் அதில்தான் நடக்கிறோம். எருமைகளும் அவற்றைக் கட்டிப் பால் கறந்த நம் ஆட்களும் அந்த இரண்டு எழுத்துக்குள் மறைந்துபோனார்கள். என் மகளிடம் "நீ எருமைக் கொட்டகையில் பிறந்தவள்" என்று சொன்னதும் அவள் மூஞ்சி போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு தோழிகளிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

விரிவு மறந்துபோனால் மக்கள் சும்மா இருக்க மாட்டார்கள், புதிதாக ஒன்று செய்துவிடுவார்கள். சாலைக் கட்டணம் வசூலிக்கும் ஈஆர்பிக்கு 'எவ்ரி ரோட் பே' என்று விரிவு சொல்லாத டாக்சிக்காரர் உண்டா? ஆபத்துக் குறியான எஸ்ஓஎஸ், 'எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்' என்ற ஆங்கில வாக்கியத்தின் சுருக்கம் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். இல்லை. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று தந்தியில் தட்டச் சுலபமாக இருந்ததால் 1906 பெர்லின் மாநாட்டில் ஏற்றுக்கொண்ட குறி அது, விரிவு பின்னால் ஒட்டியது. வங்கிக் கணக்கிலிருந்து நேரே கட்டணம் கழிக்கும் முறையாக, கட்டணப் பாரங்களில் பெரிய எழுத்தில் வரும் ஜைரோவுக்கும் யாரோ ஒரு விரிவு எழுதிவைத்திருக்கிறார்கள். அது 'வட்டம், சுற்று' என்று பொருள்படும் இத்தாலியச் சொல். கோப்பி-சியில் உள்ள 'சி'யை கார்னேஷன் பாலின் முதலெழுத்து என்பார் ஒருவர், ஹைனானீஸ் சொல் என்று அடித்துச் சொல்வார் இன்னொருவர். இந்தச் சண்டையை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை. கோப்பி ஆறிவிடும்.

சரி, தமிழுக்கு வருகிறேன். எங்கள் வாசகர் வட்டத்து நண்பர் ஒருவருக்கு எச்டிபி என்று யாராவது எழுதிவிட்டால் கோபம் வந்துவிடும். வீவக என்றுதான் எழுத வேண்டும், மத்திய சேமநிதியும் சிபிஎஃப் அல்ல மசேநி என்பார். அவரது அக்கறையை மதிக்கிறேன். தமிழ் எழுத்துக்கு ஒரு வசதி இருப்பதும் உண்மை. நமது முதலெழுத்து உயிர்மெய்யாக இருந்தால் உயிரையும் கூடவே கொண்டுவரும். அதனால் திமுக, மதிமுக என்று கோத்த உடனேயே வாயில் உருள்கிறது. ஆங்கிலக்காரன் மெய்யெழுத்துகளை வைத்துக்கொண்டு டிஎம்கே என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஆனாலும் தெருவில் முழங்கி முழங்கித்தான் திமுக பெயரானது. மசேநியை யார் முழங்கினார்கள்? செய்தித்தாளில் கண்ணால் படிக்கிறோம், வாயால் யாரும் சொல்வதில்லை. முகப்பில் உள்ள பலகை, பாரம், கணக்கறிக்கை எல்லாவற்றிலும் சிபிஎஃப் என்று இருக்கும்போது, ஏற்கெனவே பெயருள்ள ஒருவருக்கு இரண்டாவது பெயர் வைத்து அழைக்கிற மாதிரி இருக்கிறது.

தமிழ் சுருக்குகிற முறையே வேறு என்பது என் கட்சி. நாம் ஊர்ப்பெயரைச் சுருக்கினால் தஞ்சாவூர் தஞ்சை ஆகும், கோயம்புத்தூர் கோவை ஆகும். முதலெழுத்தைக் கிள்ளி எடுப்பதில்லை, இழைத்து இழைத்துச் சின்னதாக்குகிறோம். அடுத்தது தொகை. இரண்டு சொல்லைச் சேர்த்து நடுவில் இருப்பதை விழுங்கிவிடுவது. ஊறுகாய் என்ற வினைத்தொகைக்குள் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என்று மூன்று காலமும் ஊறிக்கிடக்கிறது. இதைவிட யார் சுருக்கிவிட முடியும்? 1988இல் தேர்தலுக்கு ஜிஆர்சி முறை வந்ததே, அதைக் குழுப் பிரதிநிதித்துவத் தொகுதி என்று நீட்டி, பிறகு குபிதொ என்று வெட்டாமல், 'குழுத்தொகுதி' என்று வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. அவருக்கு ஒரு கும்பிடு. படித்த உடனே புரிகிறது, அர்த்தமும் உள்ளேயே இருக்கிறது. அதே போல மசேநிக்குப் பதில் 'சேமநிதி' என்று விட்டால் போதுமே. மத்தியில் இல்லாத சேமநிதி வேறு ஏதாவது இங்கே இருக்கிறதா என்ன? நண்பரிடம் இதைச் சொன்னேன். "யோசிக்கிறேன்" என்றார். அவரிடம் அதுவே பெரிய விஷயம்.

எச்டிபியை அப்படியே எழுதலாம் என்பதால் எதையும் தமிழ் எழுத்தில் போட்டுவிட்டால் போதும் என்று சொல்லவில்லை. எங்கள் புளோக்கில் எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர். ஓர் அலுவலகத்திலிருந்து வந்த தமிழ்த் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். 'எல்பிஏ செய்துவிட்டீர்களா?' என்று கொட்டை எழுத்தில் கேட்டிருந்தது. "இது ரத்தப் பரிசோதனையா தம்பி? வெறும் வயித்துல போகணுமா?" என்றார். தாள் முழுக்கத் தேடினேன், ஓர் இடத்திலும் விரித்து எழுதவில்லை. முடிவெடுக்கும் மனத்திறன் போய்விட்டால் தன் சார்பில் யார் முடிவெடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம் அது. எவ்வளவு முக்கியமான காரியம்! புது ஆளைக் கூட்டிவந்தால் முதல் தடவை அறிமுகம் செய்துவைக்கிறோம் இல்லையா? இன்னார், இந்த ஊர், இவருக்கு இன்ன உறவு என்று ஒரு வரி. அந்த ஒரு வரி மட்டும் அன்று இருந்திருந்தால் பாட்டி காலைப் பசியாறலைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

அறிமுகம் முடிந்தபின் தமிழ் அதைத் தானே பார்த்துக்கொள்கிறது. எம்சி (மருத்துவ விடுப்பு) போட்டுட்டான், ஓஆர்டி ஆயிட்டான், எச்டிபியில கேளு. நம் வேற்றுமை உருபும் வினையும் ஏறி உட்கார்ந்துவிட்டன. அம்மாவுக்கு ரயில் எப்போதும் 'எம்மார்ட்டி'தான். 1987இல் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதல் ரயில் ஓடிய காலத்திலிருந்தே அப்படித்தான் சொல்கிறார். படிக்காதவர் பேச்சு என்று இளவயதில் நான் திருத்தியதுண்டு. பிறகு ஒருநாள் உறைத்தது. தனிக்குறிலுக்குப் பின்னால் வரும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். கண்ணும் இல்லையும் சேர்ந்தால் கண்ணில்லை. எம்மும் ஆரும் சேர்ந்தால் எம்மார். நன்னூல் விதியை அட்சரம் பிசகாமல் அம்மா ரயிலுக்குப் போட்டிருக்கிறார். எம், ஆர், டி என்று துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அன்று இரவு பத்தரை மணிக்குத் தம்பி கை கழுவிவிட்டு, விடுதிக்குக் கிளம்பினான். அம்மா மிச்ச மீன் குழம்பை டப்பாவில் ஊற்றி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கொடுத்தார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, கடைசி எம்மார்ட்டி எத்தனை மணிக்கு?"