கண்ணெதிரே சாதனை, ஸ்கோர் ஷீட்ல வெறும் கோடு

சேலத்துல ஒரு பேஸ்கட்பால் டோர்னமென்ட் ஃபைனல் முடிஞ்ச மறுநாள் போய்க் கேளுங்க: நேத்து அந்தப் பொண்ணு தனியா எத்தனை பாயிண்ட் போட்டா? ஒருத்தர் முப்பத்தஞ்சும்பார், இன்னொருத்தர் நாப்பதைத் தாண்டிடுச்சும்பார். டீம் ஸ்கோர் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். தனக்குப் பிடிச்ச பிளேயரோட வாழ்நாள் ஆட்டத்தை ஊரே நேர்ல பார்த்திருக்கு, அந்த எண்ணுக்கு ஒரு ஆதாரம் இல்லை. வயிறு எரியுதுங்க.

1962 மார்ச் 2, அமெரிக்காவுல ஹெர்ஷிங்கிற சின்ன ஊர்ல வில்ட் சேம்பர்லின்ங்கிற பேஸ்கட்பால் வீரர் ஒரே மேட்ச்ல 100 பாயிண்ட் போட்டார். அந்த மேட்ச்சுக்கு வீடியோவே கிடையாது. ஆனாலும் ஃபீல்ட் கோல் (ஆட்டத்துக்கு நடுவுல போடுற கூடை) 36, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கிற தடையில்லாத ஷாட்) 32க்கு 28னு இன்னிக்கும் பிசிறில்லாம சொல்றாங்க. ஸ்கோர் டேபிள்ல உட்கார்ந்தவங்க ஒண்ணு விடாம எழுதினாங்க, அதான். இங்க ஆளுக்கொரு போன், யூடியூப் லைவ் வேற. அந்த ஒரு தாள் மட்டும் உருப்படியா இல்லை.

ஸ்கோர் எழுத யாரை உட்கார வைக்கிறாங்க பாருங்க. அந்த நேரத்துக்குக் கையில கிடைச்ச ஒரு ஜூனியர் பையன். பாவம், அவனுக்கு யாரும் சொல்லியே தரலை. ஷீட்ல பாயிண்ட் ஏற ஏறக் குறிக்கிற ரன்னிங் ஸ்கோர் பகுதியில 1லேர்ந்து 160 வரைக்கும் எண் இருக்கும். கூடை விழுந்தா டீமோட புது மொத்த எண் மேல சாய்வுக் கோடு, ஃப்ரீ த்ரோன்னா அடைச்ச புள்ளி. பக்கத்துக் கட்டத்துல போட்டவரோட ஜெர்சி நம்பர். மூணு பாயிண்ட்னா அந்த நம்பரைச் சுத்தி வட்டம். பையன் கோட்டைப் போட்டுட்டு நம்பரை அப்புறம் எழுதிக்கலாம்னு விடுவான். அதுக்குள்ள எதிர்ப்பக்கம் கூடை விழுந்துடும். பிறகு எழுதுறது எல்லாம் ஊகம்தான்.

டீம் பட்டியல் 40 நிமிஷம் முன்னாடியே டேபிளுக்கு வரணும், 10 நிமிஷம் முன்னாடி கோச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். இது விதி. நம்ம ஊர்ல ஜம்ப் பால் போட்டு ஆட்டம் ஆரம்பிச்ச பிறகுதான் பேரே எழுதுறாங்க, அதுவும் இனிஷியல் இல்லாம. ரெண்டு பிரியா இருந்தா யாரோட பாயிண்ட் யாருக்குப் போகும்? ஹாஃப் டைம்ல ஜெர்சி மாத்திக்கிட்டு வேற நம்பர்ல இறங்குறாங்க, அதையும் யாரும் தடுக்குறதில்லை.

இதெல்லாம் போதாதுன்னு, ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து சிறப்பு விருந்தினருக்கு ஸ்கோரர் முன்னாடியே நின்னு சால்வை போடுவாங்க. கூட்டம் போனைத் தூக்கிக்கிட்டு சைடு லைன் வரைக்கும் வந்துடும். டேபிள்ல இருக்கிறவனுக்குத் தெரியுறது முதுகு மட்டும்தான். எந்த ஷாட்டைப் பார்க்க எல்லாரும் எழுந்தாங்களோ, அந்த ஷாட்தான் ஷீட்ல விட்டுப்போகுது! ஏற்காட்டுல இன்னும் மோசம். சாயங்காலம் மூட்டம் இறங்கினா எதிர்க் கூடைக்குக் கீழ நிக்கிறவரோட நம்பர் தெரியாது, நமுத்த தாள்ல பால் பாயிண்ட் பேனா வழுக்கிக்கிட்டுப் போகும். அங்க ஷீட்டை கிளிப் பேடுல மாட்டி, மேல பிளாஸ்டிக் கவர் போட்டு வெக்கணும்.

டேபிளுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் கோர்ட்டை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, "ஏ டீம், பதினொண்ணு, மூணு"னு சத்தமாச் சொல்லணும். மத்தவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கிட்டே எழுதணும். ஆட்டத்தோட நாலு குவார்ட்டர்ல முதல், மூணாவதுக்குச் சிவப்புப் பேனா, மத்ததுக்கு நீலம். ஒவ்வொரு குவார்ட்டர் முடிவுலயும் ஆளாளுக்கு எத்தனைன்னு கூட்டி ஸ்கோர் போர்டோட ஒப்பிடணும். ஒரு பாயிண்ட் இடிச்சாலும் அப்பவே ரெஃப்ரீயைக் கூப்பிட்டுக் கேட்கணும், மேட்ச் முடிஞ்சு கையெழுத்தான பிறகு கேட்டு என்ன பிரயோசனம்?

அந்தக் கையெழுத்து விழுந்த உடனே ஷீட்டைப் போன்ல ஒரு படம் எடுங்க. குரூப்ல கோப்பைப் படம் போடுறீங்கல்ல, அதோட இதையும் சேர்த்துப் போடுங்க.