அம்மாவை ஏங்க டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்துறீங்க?

வீட்டுப் பெரியவங்களை போட்டோ எடுக்கணும்னாலே, சுவத்துல முதுகு ஒட்ட நிறுத்தி, டியூப்லைட்டுக்கு நேர் கீழே வெச்சுத்தான் எடுக்கிறாங்க. தலைக்கு மேலேருந்து விழுற வெளிச்சத்துல கண்குழி இருண்டு, கன்னம் ஒட்டி, 60 வயசு அம்மா 75 மாதிரி தெரியுறாங்க. "எனக்கு போட்டோவே நல்லா விழாது"ன்னு அவங்களே சொல்லிக்கும்போது வயிறு எரியுது. தப்பு அவங்க முகத்துல இல்லங்க!

அடுத்த கொடுமை, ரெண்டடி தூரத்துல போனை நீட்டுறது. கிட்டப் போனா மூக்கு பெருத்து, காது பின்னால போயிடும். ஆறடி தள்ளி நின்னு 2 எக்ஸ் ஜூம் வெச்சு எடுங்க.

நேர் வெயில் விழாத ஒரு ஜன்னல் போதும். ரூம் லைட்டை அணைச்சிடுங்க. பகல் வெளிச்சத்தோட மஞ்சள் பல்பு கலந்தா ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள். ஸ்டூலை ஜன்னல்லேருந்து மூணடி, பின்சுவத்துலேருந்து நாலடி தள்ளிப் போடுங்க. உடம்பு ஜன்னல் பக்கம், முகம் பாதி உங்க பக்கம். நிழல் விழுற கன்னத்துப் பக்கம் யாராவது வெள்ளை வேட்டியை விரிச்சுப் பிடிச்சா, கண்ணுக்குக் கீழ இருக்கிற கருமை அப்படியே இளகிடும். போன் அவங்க கண் மட்டத்துல இருக்கணும். திரையில அவங்க கண்ணைத் தொட்டு ஃபோகஸ் பண்ணிட்டு, கேமராவுல போட்டோவோட வெளிச்சத்தை லேசா இறக்குங்க. இல்லேன்னா நரைமுடியும் மூக்குத்திக் கல்லும் வெளுத்துப் போயிடும். மூக்குக்கண்ணாடியில ஜன்னல் தெரிஞ்சா, முகவாயைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்க.

அந்த பியூட்டி மோடை தயவுசெஞ்சு அணைச்சிடுங்க. அம்மாவோட நெத்திச் சுருக்கத்தை அழிக்க போனுக்கு என்ன உரிமை?