ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக் அல்ல

'ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது. ஊறவைத்தால் மிதக்கிறது, சோற்றை உருட்டி எறிந்தால் பந்துபோல் எகிறுகிறது' என்றொரு வாட்ஸ்ஆப் செய்தி வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் சுற்றி வருகிறது. இது உண்மையல்ல.

மிதப்பவை செறிவூட்டப்பட்ட அரிசிமணிகள். அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அழுத்தி மீண்டும் அரிசி வடிவில் எடுக்கிறார்கள். 100 கிலோ அரிசிக்கு இதில் 1 கிலோ கலக்கப்படுகிறது. மாவில் செய்தது என்பதால் நிறம் சற்று வேறுபட்டிருக்கும், சில மணிகள் நீரில் மிதக்கவும் செய்யும். சோற்று உருண்டை எகிறுவதற்கு மாவுச்சத்தின் பசைத்தன்மையே காரணம். கடையில் வாங்கும் பொன்னி அரிசிச் சோறும் இறுக்கி உருட்டினால் எகிறும்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்கு ஓடும் வீடுகளில், இந்த வதந்தியை நம்பி விலையில்லா அரிசியை ஒதுக்கிவிட்டு, மாதக் கடைசியில் கடன் சொல்லி அரிசி வாங்குவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. களையும்போது மிதக்கும் மணிகளைத் தண்ணீரோடு கொட்டிவிடாதீர்கள். சேர்க்கப்பட்ட சத்து அவற்றில்தான் இருக்கிறது. இட்லிக்கு ஊறவைக்கும்போதும் அவற்றைப் பொறுக்கி எறிய வேண்டியதில்லை. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.