பூங்காவில் வேலை பார்க்கிறவர்கள் நிர்வாகக் குழுவுக்கு வர வேண்டும்

எங்கள் சங்கத்தில் நிர்வாகக் குழுத் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். பூங்கா, விளையாட்டுத் திடல், நீச்சல் குளம், சமூகக் கூடம் ஆகியவற்றைப் பராமரிப்பவர்களும் அங்கே நிகழ்ச்சிகள் நடத்துபவர்களும் சேர்ந்த தொழில்முறைச் சங்கம் அது. இரண்டு தவணை, மொத்தம் ஆறு வருடம் அந்தக் குழுவில் இருந்தேன். விதிப்படி இனி நிற்க முடியாது. அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன். போகிற நேரத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இயக்குநர்களும் துறைத் தலைவர்களும் மட்டுமே அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் சங்கத்துக்கு நல்லதில்லை. தினமும் பூங்காவுக்குள் நடந்து வேலை பார்க்கிறவர்கள் உள்ளே வர வேண்டும்.

முதல் முறை கேட்டபோது நானே மறுத்தவன்தான். அப்போது விளையாட்டுக் கருவி ஆய்வாளராக இருந்தேன். ஊஞ்சல் சங்கிலி தேய்ந்திருக்கிறதா, சறுக்கு மரத்தின் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறவனுக்கு பட்ஜெட்டும் தீர்மானமும் எதற்கு என்று தோன்றியது. இரண்டாம் முறை ஒப்புக்கொண்டது மன வருத்தத்தில். அந்த வருடம், ஆய்வாளர் பயிற்சிக்குச் சங்கம் கொடுத்துவந்த உதவித்தொகையைப் பாதியாக வெட்டி, அந்தப் பணத்தை ஆண்டு மாநாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். கூட்டக் குறிப்பை வாங்கிப் படித்தேன். ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தப் பயிற்சி எதற்கு என்று தெரிந்தவர் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை, அவ்வளவுதான்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏணிப்படிகளுக்கு நடுவிலோ தடுப்புக் கம்பிகளுக்கு நடுவிலோ இருக்கும் இடைவெளி ஏறத்தாழ 9 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் குழந்தையின் உடல் உள்ளே போகாது. 23 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் உடலோடு தலையும் வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவுதான் பயங்கரம். கால் நுழையும், உடல் நுழையும், தலை மாட்டிக்கொள்ளும், பிள்ளை கழுத்தில் தொங்கும். அப்புறம் தரை. கருவிகளின் கீழே 9 அங்குலத்துக்கு மரச் சீவல் இருந்தால் 10 அடி உயரத்திலிருந்து விழும் பிள்ளையின் தலையைக்கூட அது காக்கும் என்கிறது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு. அதே 9 அங்குலம் மணல் என்றால் 4 அடிக்குத்தான் கணக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி மெத்தென்றுதான் தெரியும். போதாக்குறைக்கு, ஊஞ்சலுக்கு நேர் கீழே பிள்ளைகளின் கால் உதைத்து உதைத்துச் சீவல் ஒதுங்கிவிடும். எங்கே விழுவார்களோ அங்கேதான் முதலில் குழி விழும். கையில் அளவுகோலோடு குனிந்து பார்க்கிறவருக்குத்தான் இது தெரியும். அவரைப் பயிற்றுவிக்கும் பணத்தைத்தான் அன்று ஒரு நிமிடத்தில் வெட்டினார்கள்.

சரி, கோபத்தோடு உள்ளே போனேன். போனதும் என் கோபத்தில் பாதி தவறு என்று தெரிந்தது. எங்கள் பொருளாளர் பொறுமைசாலி. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு என்னை உட்கார வைத்து வரவு செலவுக் கணக்கை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். எங்களுக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு உறுப்பினர் சந்தா என்று நினைத்திருந்தேன். உண்மையில் மாநாட்டில் மிஞ்சும் தொகைதான் மற்ற எல்லா வேலைக்கும் கைகொடுக்கிறது. முந்தைய மாநாட்டில் ஆள் குறைந்து, கையிருப்பு நிதி கரையத் தொடங்கியிருந்தது. அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. அதற்கு எதை வெட்டினார்கள் என்பதில்தான் நியாயம் இல்லை.

மாநாட்டு உபரியில் ஒரு நிலையான பங்கு முதலில் பயிற்சிக்குப் போக வேண்டும், செலவெல்லாம் போக மிஞ்சினால் என்று இருக்கக் கூடாது. இதுதான் நான் கொண்டுபோன தீர்மானம். முதல் முறை தோற்றேன். தோற்ற பிறகு என்ன செய்கிறோம் என்பது குழு உறுப்பினருக்கு உண்மையான சோதனை என்று இப்போது நினைக்கிறேன். உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் எதிர்த்துப் பேசலாம், பேசத்தான் வேண்டும். முடிவான பிறகு வெளியே போய் "நான் அப்போதே சொன்னேன்" என்று பேசினால் அந்தக் குழுவை அடுத்து யாரும் நம்ப மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அடுத்த வருடம் விபத்துப் பதிவேடுகளைத் திரட்டிக்கொண்டு அதே தீர்மானத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். இந்த முறை நிறைவேறியது.

இன்னொன்று. நான் வேலை செய்யும் துறையே ஒரு வருடம் மாநாட்டை நடத்த விண்ணப்பித்தது. அதைச் சொல்லிவிட்டு, விவாதம் நடந்த நேரம் முழுக்க வராந்தாவில் நின்றேன். "உள்ளே இருந்து நமக்காகப் பேசியிருக்கலாமே" என்று துறையில் சிலருக்கு வருத்தம். சங்கத்தின் நாற்காலியில் உட்கார்ந்தால் சங்கத்துக்காகத்தான் யோசிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரியவைக்க நாளானது.

குழுவுக்குள் ஒரு பழைய பிளவும் உண்டு. மரம், மண், புல்தரை என்று இருப்பவர்கள் ஒரு பக்கம், விளையாட்டு, வகுப்பு, முகாம் என்று இருப்பவர்கள் இன்னொரு பக்கம். இது எங்கள் சங்கத்தில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பூங்காக் கண்காணிப்பாளர்கள் 1898லேயே தனிச் சங்கம் கண்டார்கள். குழந்தைகளுக்கு விளையாட இடம் கேட்டவர்கள் 1906ல் வாஷிங்டனில் கூடி இன்னொரு சங்கம் கண்டார்கள். இந்த இரண்டு வழியில் வந்தவர்களும் வேறு சில அமைப்புகளும் ஒரே தேசியச் சங்கமாக இணைந்தது 1965ல்தான். அதனால் எங்கள் மேசையில் மரக்காரரும் விளையாட்டுக்காரரும் முட்டிக்கொள்ளும்போது எனக்குப் பதற்றம் வருவதில்லை. நிழலுக்கு மரம் இல்லாத திடலில் வெயில் நேரத்தில் எந்தப் பிள்ளை விளையாடும்? ஆள் வராத பூங்காவுக்கு எத்தனை வருடம் பணம் ஒதுக்குவார்கள்? இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால்தான் இந்தக் கேள்விகள் ஒன்றாக வரும்.

வெளியே பணம் கேட்கப் போகும்போது ஆய்வுகளைக் காட்டுகிறோம். 1984ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வை நானே பல முறை சொல்லியிருக்கிறேன். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அருமையான ஆய்வு, கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் ஒரு பராமரிப்பாளர் எழுந்து, தினமும் ஒரே பெஞ்சில் வந்து உட்காரும் முதியவர் இரண்டு நாள் வராததைக் கவனித்து வீட்டுக்கு ஆள் அனுப்பிய கதையைச் சொன்னபோதுதான் நிதிக் குழுவில் இருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அந்தப் பராமரிப்பாளரை அன்று விருந்தினராகத்தான் அழைத்திருந்தோம். அவருக்கு ஓட்டு இல்லை.

இந்த வாரம் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர்களை மேற்பார்க்கும் ஒரு தோழியிடம் மனு போடச் சொன்னேன். பதினெட்டு வருட அனுபவம். "நான் அங்க வந்து என்ன சார் பேசப் போறேன்" என்றார். அன்று நான் சொன்ன அதே பதில். உங்கள் குளத்தில் எத்தனை உயிர்காப்பாளர் இருந்தால் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், எத்தனை பேரை வைத்து ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினார்.

நேரம் கிடைக்குமா என்று பயந்தார். அது உண்மையான கவலை. மாதம் ஒரு கூட்டம், அதற்கு முன் படிக்க வேண்டிய கட்டு, நடுவில் துணைக்குழு. வார இறுதிகள் போகும், சம்பளம் கிடையாது. மேலதிகாரி கூட்டத்துக்கு நேரம் விட வேண்டும், அதைச் சங்கமே எழுதிக் கேட்க வேண்டும். கூட்டத்தை வேலை நேரத்தில் நகரின் மறுகோடியில் வைத்துவிட்டு "களப்பணியாளர் யாரும் வருவதில்லை" என்று குறைப்படுவதில் அர்த்தம் இல்லை. மாலையில், இணையம் வழியாகவும் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறுகிறேன்.

என்ன படிக்க வேண்டும் என்று தோழி கேட்டார். சங்கத்தின் விதிகளையும் மூன்று வருடக் கணக்கையும் அனுப்பினேன். ஞாயிறு இரவு போன் வந்தது. "பயிற்சிக்கு ஒதுக்கின பணம் போன வருஷம் முழுசா செலவாகலையே சார், எங்க ஆளுங்க இடம் இல்லைன்னு திரும்பி வந்தாங்களே, ஏன்?" என்றார். நான் போராடி வாங்கிய பணம் அது. குழுவில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாளை காலை அவருடைய மனுவில் முன்மொழிபவராகக் கையெழுத்துப் போடுகிறேன்.