ராஜரத்தினத்துக்கு அறை கிடைக்குமா?

பிப்ரவரி 25 வந்தால் போதும், சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் தமிழுணர்வு கரைபுரண்டு ஓடுகிறது. நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினத்தின் பிறந்தநாள் அது. அவர் படம், பின்னணியில் நாதஸ்வரம், கீழே தங்க எழுத்தில் "சிங்கையை ஆண்ட தமிழன்! தமிழனாக இருந்தால் பகிர்!" ஆளாளுக்குக் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். இந்த ஆண்டுக் காணொளியில் அவர் மதுரைக்காரர். 1915-ல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவின் சிரம்பானில் வளர்ந்தவரை ஒரே இரவில் வைகைக் கரையில் குடியேற்றிவிட்டார்கள்!

ஊர் தவறு என்று எழுதினேன். "எங்கே பிறந்தால் என்ன தம்பி, நம் ஆள்தானே?" என்றார் காணொளியைப் போட்ட பெரியவர்.

நம் ஆளாம்! அந்த மனிதர் காலமெல்லாம் மல்லுக்கு நின்றதே இந்த நினைப்போடுதான். 1964 ஜூலையில் சிங்கப்பூரில் மலாய்க்காரர்களும் சீனர்களும் மோதிக்கொண்ட கலவரத்தில் 23 பேர் மாண்டார்கள். செப்டம்பரில் மறுபடியும் ரத்தம். மறு ஆண்டே மலேசியாவிலிருந்து பிரிந்து நாடு தனித்து விடப்பட்டது. அந்தச் சூடு ஆறும் முன், 1966-ல் அவர் எழுதிக்கொடுத்த வரைவிலிருந்து வந்ததுதான் தேசிய உறுதிமொழி. பள்ளித் திடலில் வலக்கையை மடக்கி நெஞ்சில் வைத்து "இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து" என்று ஒப்பித்தோமே, அதைப் பற்றிக் காணொளியில் ஒரு வரி கிடையாது. பதினைந்து ஆண்டு வெளியுறவு அமைச்சராக இருந்ததும், 1967-ல் பாங்காக்கில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைத் தொடங்கிவைத்த ஐவரில் ஒருவராகக் கையெழுத்திட்டதும் கிடையாது. அதற்கெல்லாம் யார் கட்டைவிரல் உயர்த்தப்போகிறார்கள்?

அன்று பிற்பகலே அதே பெரியவர் இன்னொன்று போட்டார். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஓர் அறை வாடகைக்கு, எம்ஆர்டி ரயில் நிலையம் நடை தூரம், குளிர்சாதனம் உண்டு, "தமிழர்களுக்கு மட்டும். மற்ற இனத்தவர் அழைக்க வேண்டாம்." அதற்கும் வரிசையாகக் கட்டைவிரல்! வேறு யாராவது "இந்தியர்களுக்கு இல்லை" என்று விளம்பரம் செய்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற கூட்டம் இது. (குதிக்கத்தான் வேண்டும், நானும் குதிப்பேன்.)

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, ராஜரத்தினத்தின் மனைவி பிரோஸ்கா ஹங்கேரி நாட்டவர். காலையில் நீங்கள் தூக்கிவைத்துக் கொண்டாடிய 'நம் ஆள்' அந்த அம்மையாரோடு வந்து வாசலில் நின்றால் அறை உண்டா?" என்று கேட்டேன்.

"அறைக்கு ஆள் வந்துவிட்டது" என்று பதில் வந்தது.