அவன் பையன் என்பது இருக்கட்டும், அவனுக்கு வயது மூன்றரை

எனக்கு இரண்டும் பையன்கள் என்று சொன்னால் "ஐயோ பாவம்" என்பார்கள். மழலையர் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன் என்று சேர்த்துச் சொன்னால், "அப்போ சரி, நீங்க சமாளிச்சுடுவீங்க" என்பார்கள். அனுதாபமும் பாராட்டும் ஒரே மூச்சில் வந்துவிடும். சொல்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பிள்ளைகளுக்கு என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. பெரியவனுக்கு ஆறு. சின்னவனுக்கு மூன்றரை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சோபா மேலிருந்து குதித்தால் "பையன்னா அப்படித்தான்". பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கடித்தாலும் அதே பேச்சு. கூப்பிட்டது காதில் விழாத மாதிரி நின்றாலும் அதேதான். வகுப்பில் பெற்றோர் சொல்லிக் கேட்கிறேன், வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர்கள் சொல்லிக் கேட்கிறேன். என் கட்சி இதுதான்: இவற்றில் பெரும்பாலானவை வயசுக் கோளாறு. மிச்சமிருப்பதில் நிறைய, பெரியவர்கள் நாமே கண்டும் காணாமலும் விட்டு வளர்த்தது. ஆண்பிள்ளை என்பதற்காக வருவது கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இந்த ஓட்டத்தையும் குதியையும் எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது அது. தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். அசையாமல் உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பையனுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு என்று அதில் எதுவும் கிடையாது. மூன்று மணி நேர ஆட்டம் எல்லோருக்கும் பொது. மழை பெய்து யாரையும் வெளியே விட முடியாத நாளில் என் வகுப்புக்கு வந்து பாருங்கள். மேசைக்கு மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம். மேலே நிற்பவர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். அவர்களை "வாலு" என்று சொல்லித் திட்டி இறக்குகிறோம். பையன்களை "அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

2000-ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. 11 மாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம் ஒரு சாய்வுப் பலகையைக் காட்டி, எவ்வளவு செங்குத்தாக வைக்கும் வரை உங்கள் குழந்தை தவழ்ந்து இறங்கும் என்று கேட்டார்கள். பையன்களின் அம்மாக்கள் உள்ளதைவிடக் கூட்டிச் சொன்னார்கள். பெண் குழந்தைகளின் அம்மாக்கள் குறைத்துச் சொன்னார்கள். குழந்தைகளைத் தவழ விட்டுப் பார்த்தால் இரு பக்கமும் திறமை ஒன்றுதான். விளையாட்டுத் திடலில் தினமும் இதையே பார்க்கிறேன். ஏணியில் பெண் பிள்ளை ஏறினால் கீழே ஒருவர் கையை ஏந்திக்கொண்டு நிற்பார். பையன் ஏறினால் "அவன் ஏறிடுவான் விடு". ஏறியவன் விழுந்தால் உடனே அடுத்த வரி தயாராக இருக்கும்: "அழக்கூடாது, நீ ஆம்பளப் பிள்ளை". அவனால் முடியாததை முடியும் என்று நினைத்ததும் நாம்தான், விழுந்த பிறகு அழவும் விடாததும் நாம்தான்.

இப்போது மாலை நேரத்துக்கு வருவோம். நாங்கள் மூவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீட்டுக்குள் நுழைவோம். சின்னவன் என் பள்ளியிலேயே வேறொரு வகுப்பில் படிக்கிறான். பள்ளிக்குள் எதிரில் பார்த்தால் மற்ற பிள்ளைகளைப் போலவே "குட் மார்னிங் மிஸ்" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய்விடுவான். அவனுடைய டீச்சர், "உங்க பையன் எவ்வளவு சமத்து!" என்பார். அந்தச் சமத்து வீட்டு வாசலைத் தாண்டியதும் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று தரையில் உருளும். பெரியவனுக்கு சாக்ஸ் தையல் குத்தும். காலையிலிருந்து அதே சாக்ஸ்தான். பள்ளியில் ஒரு தடவைகூடக் குத்தியிருக்காது.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் காலை முழுக்க அந்தப் பக்கத்தில் நிற்பவள் நான். தன் முறை வரும்வரை காத்திருப்பது, கையில் இருக்கும் வண்டியைக் கேட்டவனுக்குக் கொடுப்பது, பேச வேண்டும் போலிருக்கும்போது வாயை மூடிக்கொள்வது எல்லாம் மூன்று வயதில் கடுமையான வேலை. காலையிலிருந்து இறுக்கிக் கட்டி வைத்த மூட்டை வீட்டில்தான் அவிழும், அதுவும் நம்பிக்கையான ஆளின் முன்னால்தான் அவிழும். "ஸ்கூல்ல தங்கம், வீட்டுல பேய்" என்று புலம்பும் பெற்றோருக்கு நான் சொல்வது, அப்படியே இருக்கட்டும் என்பதுதான். மறுபடி யோசித்துப் பாருங்கள், பள்ளியில் பேயாகவும் வீட்டில் தங்கமாகவும் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

ஆனால் இதே உருளலைப் பெண் பிள்ளை செய்தால் "களைச்சுப் போயிருக்கா" என்கிறோம். பையன் செய்தால் "கோபத்தைப் பாரு" என்கிறோம். இது வெறும் என் புலம்பல் இல்லை. 1976-இல் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் படத்தைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெட்டியைத் திறந்ததும் பொம்மை சடாரென்று எம்பும் விளையாட்டுச் சாமான் ஒன்று அந்தக் குழந்தையின் முன்னால். பார்த்ததும் குழந்தை கலங்குகிறது. இது பையன் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்த முகத்தில் கோபம் தெரிந்தது. பெண் என்று சொல்லப்பட்டவர்களுக்குப் பயம் தெரிந்தது. குழந்தை ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான். பயந்த பிள்ளையை அள்ளி எடுப்போம், கோபக்காரப் பிள்ளையை அதட்டுவோம். ஒன்பது மாதத்திலேயே பாதை பிரிந்துவிடுகிறது.

அதனால் மாலையில் எங்கள் வீட்டில் முதல் அரை மணி நேரம் யாரும் யாரையும் கேள்வி கேட்கக்கூடாது. "இன்னிக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்பது அறவே கிடையாது. தண்ணீர், தின்பதற்கு ஏதாவது, அப்புறம் தரை. அந்த அரை மணி எனக்கும் தேவை. காலையிலிருந்து குட்டி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த முட்டி வலிக்கும், பாட்டுப் பாடியே தொண்டை போயிருக்கும். டீச்சருக்குப் பொறுமை பிறவிக் குணம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பள்ளியில் என் பொறுமைக்குப் பின்னால் ஒரு ஆயா இருக்கிறார், மணி அடிக்கிற அட்டவணை இருக்கிறது, தாழ்வான அலமாரி இருக்கிறது. வீட்டில் இவை எதுவும் இல்லை. இருப்பது நான் மட்டும்தான்.

அரை மணி கழிந்தால் மல்லுக்கட்டு தொடங்கும். முன்பு சொன்ன அந்தக் "கொஞ்சம்" இதுதான். கட்டிப் புரளும் இந்த விளையாட்டைச் சராசரியாகப் பையன்கள்தான் அதிகம் விளையாடுகிறார்கள் என்று பல நாடுகளில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். என் வகுப்பிலும் அப்படித்தான். அதனால் அதைத் தடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. விளையாட்டா சண்டையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். விளையாட்டென்றால் வாய் திறந்து சிரித்த முகமாக இருக்கும், பெரியவன் வேண்டுமென்றே தோற்பான், கீழே கிடந்தவன் அடுத்த நிமிடம் மேலே இருப்பான், முடிந்த பிறகும் இரண்டும் ஒட்டிக்கொண்டே கிடக்கும். சண்டையில் தாடை இறுகிவிடும், கை முஷ்டியாகும், முடிந்ததும் ஒருவன் எழுந்து போய்விடுவான். சத்தத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாந்து போவீர்கள், இரண்டிலும் சத்தம் ஒரே அளவுதான்.

இதற்கு வீட்டில் ஒரே ஒரு சட்டம். யார் "நிறுத்து" என்றாலும் அடுத்தவன் கையை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் சின்னவன் கிச்சுக்கிச்சு தாங்காமல் சிரித்துக்கொண்டே "நிறுத்து நிறுத்து" என்றான். பெரியவனுக்குக் குழப்பம், கை அந்தரத்தில் நிற்கிறது.

"சிரிக்கிறான்மா. அவனுக்குப் பிடிச்சிருக்கு."

"நிறுத்துன்னு சொன்னானா இல்லையா?"

"சொன்னான். ஆனா பிடிச்சிருக்கே!"

"பிடிச்சிருந்தா அவனே திரும்ப வருவான். நீ கையை எடு."

எடுத்தான். சின்னவன் மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்தான். அப்புறம் காலைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்து, "இப்போ" என்றான். பையன்களை வைத்திருக்கிறவர்கள் இந்த ஒரு சட்டத்தையாவது வீட்டில் கொண்டுவரலாம் என்பது என் ஆசை. மூன்றரை வயதில் இது கிச்சுக்கிச்சு பற்றியது மட்டும்தான். பதினாறு வயதில் வேறு எதற்கெல்லாம் தேவைப்படும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது எடுத்து வைக்கிற வேலை. என் வகுப்பில் விளையாடி முடித்ததும் அவரவர் சாமானை அவரவர் எடுத்து வைப்பார்கள், சிந்தியதைச் சிந்தியவர் துடைப்பார். அழைத்துப் போக வரும் பெற்றோர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது என் பையனா?" என்று கேட்பதுண்டு. மந்திரம் ஒன்றும் இல்லை. அலமாரி அவன் உயரத்தில் இருக்கிறது, எந்தக் கூடையில் எது என்று படம் ஒட்டியிருக்கிறது, துடைக்கிற துணி அவன் கைக்கு அடங்குகிறது. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகத் தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகள் அளவுக்கு நாற்காலி மேசை, கழுவுவது, பெருக்குவது மாதிரி நிஜமான வேலை. பையன்கள் ஒதுங்கி நிற்கலாம் என்று அவர் சொல்லவில்லை. நூறு வருடத்துக்கு மேலாகியும் நம் வீட்டில் மட்டும் அது செய்தியாகவே இருக்கிறது.

வீட்டில் சின்னவன் தண்ணீரைக் கொட்டினால் துணியை எடுத்து அவனேதான் துடைக்க வேண்டும். துடைத்து முடிக்கும்போது ஈரம் இன்னும் கொஞ்ச தூரம் பரவியிருக்கும். நான் துடைத்தால் அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் எத்தனையோ வீட்டில் பையன்கள் கையில் துணியே வருவதில்லை. போன வாரம் பெரியவன் தன் சட்டையை மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அத்தை ஒருவர், "பையனைப் போய் இதெல்லாம் செய்ய வைக்கிறியே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "மடிக்கலேன்னா காலையில கிடைக்காது பாட்டி" என்றான். ஆனால் இவனும் லேசுப்பட்டவன் இல்லை. பிளாக்குகளை எடுத்து வைக்கச் சொன்னபோது, "பசங்கன்னா அப்படித்தான்மா, எல்லாரும் சொல்றாங்களே" என்று என்னிடமே திருப்பினான். ஆறு வயசில் வக்கீல்.

வகுப்பில் விளையாட்டு அடுப்படி ஒன்று இருக்கிறது. மூன்று வயதில் எல்லோரும் அதில்தான் கிடப்பார்கள், கரண்டிக்கு அடிதடியே நடக்கும். ஐந்தைத் தொடும்போது பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள். இரண்டு, மூன்று வயதிலேயே பிள்ளைகளுக்குத் தான் பையனா பெண்ணா என்று தெரிந்துவிடும். ஐந்து, ஆறில் அதற்கு என்னென்ன சட்டம் என்று தேடுவார்கள், கிடைத்ததைக் கறாராகப் பிடித்துக்கொள்வார்கள். "பிங்க் கப் பொண்ணுங்களுது" என்று சின்னவனிடம் பெரியவன் சட்டம் பேச ஆரம்பித்தபோது, அமெரிக்க அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பழைய படம் ஒன்றைக் காட்டினேன். 1884-இல் எடுத்தது, இரண்டரை வயது, நீள முடி, வெள்ளைக் கவுன். அந்தக் காலத்தில் அங்கே சின்னப் பையன்களுக்குக் கவுன்தான் சாதாரண உடுப்பு. 1918-இல்கூட அங்கே ஒரு குழந்தை உடை வியாபாரப் பத்திரிகை, பிங்க் அழுத்தமான நிறம், அதனால் பையன்களுக்குத்தான் பொருத்தம் என்று எழுதியது. இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு அவன் கேட்டது, "ஓடும்போது தடுக்கலையா?" பிங்க் கப் விவகாரம் இன்னும் தீரவில்லை.

கடைசியாக அழுகை. பள்ளி தொடங்கும் முதல் வாரங்களில் வாசலில் நிற்பது என் வேலை. மூன்று வயதுப் பையன், உதடு துடிக்கிறது, கண் நிறைந்துவிட்டது. குனிந்து அப்பா சொல்கிறார், "பொண்ணு மாதிரி அழுவியா?" அவன் அழவில்லை. அப்பா திரும்பி நடந்து கண்ணுக்கு மறைகிற வரை அடக்கிக்கொண்டு நின்றான். அப்புறம் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான், வெகு நேரம். தைரியசாலி என்று நினைத்துக்கொண்டு அப்பா வேலைக்குப் போயிருப்பார். பக்கத்தில் அம்மா முன்னாலேயே கத்தி அழுத பெண் பிள்ளை, அவன் நிறுத்துவதற்குள் மணல் தொட்டிக்குப் போய்விட்டாள்.

அப்பாக்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். வாசலில் அவன் அழுதால் அழட்டும். அவன் உயரத்துக்குக் குனிந்து, "சாயந்தரம் நான்தான் கூப்பிட வருவேன்" என்று சொல்லுங்கள். சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள், அடுத்த நாள் உங்கள் சட்டையை விடவே மாட்டான். சொன்னால் சொன்னபடி வாருங்கள். கையசைத்துவிட்டுக் கிளம்பியபின், சமாதானமாகிவிட்டானா என்று ஜன்னல் வழியாக மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள். அவன் கண்ணில் பட்டுவிட்டால் நாங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.