வாசல் எந்தப் பக்கம்?

(சென்னைப் புறநகரில் ஒரு குடியிருப்பின் சமுதாயக்கூடம். வாசலில் ஆளுயரப் பீடம், அதன்மேல் ஃபைபரில் வார்த்துச் செப்புக்கம்பி சுற்றிய ஒரு பெரிய உருவம். மறுநாள் திறப்புவிழா. சங்கச் செயலாளர் சபாபதி பீடத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறார். காவலாளி மாடசாமி டீயோடு வருகிறார். சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம்.)

மாடசாமி: டீ சார். இது எந்தச் சாமி?

சபாபதி: சாமி இல்லை மாடசாமி, சிற்பம். இயற்கையைப் போற்றுகிறோம். தூக்கணாங்குருவிக் கூடு.

மாடசாமி: அப்படியா! நான் ஹூக்கா என்று நினைத்தேன். பி பிளாக் அம்மா சுரைக்காய் என்கிறார்கள்.

சபாபதி: சொல்லட்டும். மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர், சிகாகோவில் 168 எஃகுத் தகடுகளை இணைத்து ‘மேக வாசல்’ என்று ஒன்று செய்தார். ஊரே அதை பீன்ஸ் என்கிறது. பெரிய கலைக்கு வருகிற கஷ்டம்தான் இது.

மாடசாமி: பீன்ஸோ மேகமோ, நேராக வைத்திருப்பார்களே சார்.

சபாபதி: (குங்கும விரல் அப்படியே நிற்கிறது) என்னது?

மாடசாமி: இது தலைகீழாக நிற்கிறது. எங்கள் ஊர்க் கிணற்றுக்குள் சாய்ந்த கருவேல மரத்தில் வரிசையாகத் தொங்கும். மேலே நார் முடிச்சு, நடுவில் வயிறு, கீழே நீளமாகக் குழாய். அந்தக் குழாய்தான் வாசல். பாம்பு சுலபமாக நுழைய முடியாது. உங்கள் குருவி வாசலை வானத்தைப் பார்த்து வைத்திருக்கிறது.

சபாபதி: பீடத்தில் நிற்க வேண்டாமா? குழாயைக் கீழே வைத்தால் ஆடியது. திருப்பி வைத்து சிமெண்ட் போட்டுவிட்டார்கள். சரி, விடுங்கள். அந்தக் குருவியைப் பற்றி வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள், நாளைக்குப் பேசலாம்.

மாடசாமி: ஆண்தான் கட்டும் சார். நெல் தாளையும் பனை ஓலையையும் நாராகக் கிழித்துக்கொண்டு வந்து, அலகாலேயே முடிச்சுப் போடும். ஹெல்மெட் மாதிரி பாதி வந்ததும், அதில் தொங்கிக்கொண்டு சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும்.

சபாபதி: நம் பொதுக்குழு மாதிரி. பிடித்துவிட்டால்?

மாடசாமி: பெண் குடியேறிவிடும். ஆண் மீதி வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு கூடு கட்டி இன்னொரு பெண்ணைக் கூப்பிடப் போய்விடும்.

சபாபதி: ஐயையோ! இதை யாரிடமும் சொல்லாதீர்கள். குடும்ப ஒற்றுமையின் சின்னம் என்று தலைவர் நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.

மாடசாமி: நான் ஏன் சார் சொல்கிறேன். ஆனால் தலைகீழாக இருப்பது?

சபாபதி: 1961-இல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மட்டீஸின் ‘படகு’ படம் 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

மாடசாமி: அப்புறம் யார் கண்டுபிடித்தது?

சபாபதி: ஒரு அம்மா.

மாடசாமி: அவரும் வாட்ச்மேனா?

சபாபதி: பங்குத் தரகர். (டீயைக் குடிக்கிறார்) ஆறிவிட்டது.

(மாடசாமி ஏணி வைத்து ஏறி, குழாய்க்குள் குச்சியை விடுகிறார். ‘பொளக்’ என்கிறது.)

மாடசாமி: சார், நேற்றைய மழை முழுக்க உள்ளே இருக்கிறது. நல்ல தண்ணீர். டெங்குக் கொசுவுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். புழு பார்க்க வருகிறவர்கள் போன தடவை மாடியில் கிடந்த தேங்காய்த் தொட்டியையே போட்டோ எடுத்தார்கள்.

சபாபதி: மூடுங்கள்! எதையாவது கவிழ்த்து மூடுங்கள்!

(மாடசாமி சமையற்கட்டிலிருந்து பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து குழாய்மேல் கவிழ்க்கிறார். கச்சிதமாக உட்காருகிறது. இறங்கி, பத்தடி தள்ளி நின்று பார்க்கிறார்.)

சபாபதி: எப்படி இருக்கிறது?

மாடசாமி: கலசம் மாதிரி இருக்கிறது சார். சந்தனம் குங்குமம் வேறு வைத்துவிட்டீர்கள்.

சபாபதி: யாராவது பார்ப்பதற்குள் அந்தச் செம்பை எடுங்கள்.

மாடசாமி: (தெருவைப் பார்த்து) பி பிளாக் அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள் சார்.